உயரம் செலவாகும் இடம்

கோடைக்கானல் ஏரியில் படகு ஓட்டியவர்களுக்கு அந்த நீரின் நிறம் மறந்திருக்காது. மர நிழல் விழும் இடத்தில் கரும்பச்சை, வெயில் படும் இடத்தில் சாம்பல் கலந்த நீலம். மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி அது. நீர் அசைவதே தெரியாது. மிதிப்பதை நிறுத்தினால் பெடல் படகு நின்றுவிடும்.

அந்த ஏரி நிரம்பி வழிகிற நீர்தான், வத்தலக்குண்டு போகும் மலைச்சாலையில் 8 கி.மீ. இறங்கினால், வெள்ளி அருவியாக விழுகிறது. வேன்கள் நிற்க, குரங்குகள் காத்திருக்க, எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அதே அருவி. உயரம் 55 மீட்டர். அங்கே நீர் பால் நிறத்தில் இருக்கிறது. ஒரு கை அள்ளிப் பார்த்தால் நிறமே இல்லை. மேலே பச்சை, விழும்போது வெள்ளை, கைக்குள் வந்தால் ஒன்றுமில்லை. காரில் வரும் குழந்தைகள் கேட்கிற கேள்வி இது: இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

பெரியவர்கள் மனத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைச் செய்தித்தாளைப் படிக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். அருவிக்கு அடியிலோ தடுப்பணைக்குக் கீழேயோ ஓர் இளைஞர் மூழ்கிவிட்டார். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். நீர் மார்பளவுகூட இல்லை என்கிறார்கள் பக்கத்தில் நின்றவர்கள். கிணற்றில் குதித்து வளர்ந்தவர் இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி மூழ்கினார்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அந்த விடையை உடம்பால் கற்றுக்கொண்டவர்கள், மலையாறுகளில் துடுப்பு வலிக்கும் படகோட்டிகள்.

டீக்கடையில் தொடங்குவோம்

டீ மாஸ்டர் ஆற்றுவதைப் பாருங்கள். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. தேநீர் நூலாக இறங்கி, குவளையில் மோதி, நுரையாகிறது. தேநீரின் நிறம் பழுப்பு. நுரை மட்டும் வெளிறிப்போய் இருக்கிறது. அவர் எதையும் சேர்க்கவில்லை. சேர்ந்தது காற்று.

கண்ணாடி ஒளி ஊடுருவக்கூடியது. அதையே பொடியாக நொறுக்கினால் வெள்ளையாகத் தெரியும். ஐஸ் கட்டி ஏறக்குறைய நிறமற்றது. துருவிய ஐஸ் வெள்ளை. உப்பும் சர்க்கரையும் அப்படித்தான். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் வளையும். ஒரு குமிழிக்கு அப்படி ஓர் எல்லை. ஒரு கைப்பிடி நுரையில் ஆயிரக்கணக்கான குமிழிகள், ஆயிரக்கணக்கான எல்லைகள். உள்ளே போன ஒளி அங்குமிங்கும் மோதி எல்லாத் திசையிலும் வெளியே வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா நிறமும் சேர்ந்தே வருவதால் நம் கண்ணுக்கு அது வெள்ளை.

இப்படி நுரைத்து ஓடும் ஆற்று நீரைக் குறிக்க நமக்கு ஒரு சொல் தேவை. ‘வெண்ணீர்’ என்றால் காதில் வெந்நீர் என்று விழும். ஆகவே இந்த அத்தியாயத்தில் அதை வெண்புனல் என்று அழைப்போம்.

நீரும் காற்றும் தாமாகக் கலந்துகொள்வதில்லை. குவளையில் ஊற்றிவைத்த தேநீர் எத்தனை மணி நேரம் இருந்தாலும் நுரைக்காது. காற்றை உள்ளே தள்ள உழைப்பு வேண்டும். டீக்கடையில் அந்த உழைப்பு மாஸ்டரின் தோளிலிருந்து வருகிறது. ஆற்றில் யார் உழைப்பது?

மணிக்கு 630 கி.மீ.

கோடைக்கானலின் தெற்கு விளிம்பில் வட்டக்கானல் இருக்கிறது. அதன் சோலைக்குள்ளிருந்து வரும் பாம்பாறு அங்கே ஓர் அருவியாகிறது. லிரில் சோப் விளம்பரம் அங்கே படமாக்கப்பட்டதால் ஊரே அதை லிரில் அருவி என்கிறது. பாம்பாறு பிறகு மலையின் விளிம்பைத் தாண்டி, காடும் பாறையுமாக இறங்கி, பெரியகுளத்திலிருந்து 9 கி.மீ. தொலைவில் உள்ள கும்பக்கரையில் வெளிப்படுகிறது. மேலே சுமார் 2,000 மீட்டர் உயரம். கும்பக்கரை சுமார் 400 மீட்டர். காகம் பறக்கிற நேர்க்கோட்டில் 10 கி.மீ. இருந்தால் அதிகம். அந்த இடைவெளிக்குள் ஆறு 1,600 மீட்டர் கீழே வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போடலாம். வட்டக்கானலில் ஒரு துளி நீரை எடுத்து, வழியில் எதன் மீதும் உரசாமல், காற்றும் தடுக்காமல், அந்த 1,600 மீட்டரை இறங்கவிட்டால் கும்பக்கரையில் அதன் வேகம் என்ன? மணிக்கு 630 கி.மீ.-க்கும் மேல். சிறிய ஊர்களுக்கு வந்துபோகும் விசிறி விமானங்களில் பெரும்பாலானவைகூட அந்த வேகத்தில் பறப்பதில்லை. அப்படி வந்தால் கும்பக்கரையில் பாறையே மிஞ்சாது.

ஆனால் உண்மையில் பாம்பாறு அங்கே வேகமாக நடக்கும் மனிதனோடு போட்டி போடுகிறது. வெள்ளக்காலத்தில் ஓடும் மனிதனோடு. மீதி வேகம் எங்கே போனது?

வழியில் செலவாகிவிட்டது. நீருக்கு உயரம் என்பது வரவு. இறங்க இறங்க அதை அது செலவழித்துக்கொண்டே வருகிறது. பாறையில் மோதுகிறது, தன்மீதே மோதுகிறது, சுழல்கிறது, காற்றை விழுங்குகிறது, இரைகிறது. கணக்கின் கடைசி வரியில் எல்லாம் வெப்பமாக முடிகிறது. வெண்புனல் தெரிகிற ஒவ்வோர் இடமும் உயரம் செலவாகும் இடம். ஆற்றங்கரையில் நின்று, கருவி எதுவும் இல்லாமல், செலவு எங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. எனக்கு இதைவிட வியப்பான விஷயம் ஆற்றில் வேறு இல்லை.

வெப்பம் என்று சொன்னேன். அதை அளக்க ஆசைப்பட்டவர் ஒருவர் உண்டு. இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1847-ல் திருமணம் முடித்து ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போயிருந்தார். அங்கே சாலையில் அவரைச் சந்தித்ததைப் பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜூலிடம் ஒரு வெப்பமானி இருந்தது. அருவியின் உச்சியிலும் அடியிலும் நீர் எவ்வளவு சூடு என்று பார்க்கத்தான் அந்தத் தயாரிப்பு. அவர் தேர்ந்தெடுத்த அருவி தூறலாகச் சிதறிப்போனதால் அளவு கிடைக்கவில்லை. அவர் எண்ணம் மட்டும் சரி. 427 மீட்டர் விழுந்த நீர், அத்தனையையும் வெப்பமாகத் தன்னிடமே வைத்துக்கொண்டால், 1 டிகிரி செல்சியஸ் சூடாகும். மலைச்சாலையின் டம்டம் பாறையிலிருந்து தூரத்தில் தெரியும் தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் அதைச் சொல்வார்கள், 297 மீட்டர். அதில் விழும் நீர் அதிகபட்சம் 0.7 டிகிரி சூடேறலாம். பாம்பாற்றின் முழு இறக்கத்துக்கும் நான்கு டிகிரிகூட வராது. மலையடிவாரக் காற்று அதைவிட அதிகமாகச் சூடாக்கிவிடுவதால் நம் கைக்கு அது தெரிவதில்லை.

இவ்வளவு பெரிய உயரம் இவ்வளவு சின்ன வெப்பமாக முடிகிறதே என்று தோன்றும். ஆனால் இடையில், செலவு நடக்கிற அந்தச் சில நொடிகளில், அது மனிதனைப் புரட்டிப்போடும்.

கவிழ்த்த தட்டும் வழுக்குப்பாறையும்

சமையலறைத் தொட்டியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, குழாயைத் திறந்துவிடுங்கள். நீர் விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய, வழவழப்பான ஒரு வட்டம் உண்டாகும். அதற்கு வெளியே நீர் திடீரென்று தடித்து, வரப்புபோல் எழுந்து நிற்கும். உள்ளே மெலிந்து வேகமாக ஓடும் நீர். வெளியே தடித்து மெதுவாக நகரும் நீர். இரண்டுக்கும் நடுவில் அந்த வரப்பு. பொறியாளர்கள் ஆறுகளில் காணும் இதன் அண்ணனை நீர்த்தாவல் என்று சொல்லலாம். (தட்டில் நிகழ்வதற்கு ஈர்ப்பைவிட நீரின் மேற்பரப்பு இழுவிசைதான் முக்கியக் காரணம் என்று 2018-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆற்றில் ஈர்ப்புதான் ஆட்சி. தோற்றம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.)

ஏன் அப்படித் தாவுகிறது? மெதுவாக ஓடும் வாய்க்காலில் ஒரு கல்லைப் போடுங்கள். அலை வட்டம் கீழ்நோக்கியும் போகும், நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியும் போகும். மேலே போகிற அலை ஒரு சேதி: “கீழே இப்படி ஒரு தடை இருக்கிறது” என்று மேலே உள்ள நீருக்குச் சொல்கிறது. நீர் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் சேதி போகிற வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர் எவ்வளவு ஆழமோ அதைப் பொறுத்தது அது. ஒரு சாண் ஆழ நீரில், 20 செ.மீ. என்று வைப்போம், அலை நொடிக்கு 1.4 மீட்டர்தான் போகும். நீரே அதைவிட வேகமாக ஓடினால் கீழிருந்து எந்தச் சேதியும் மேலே வராது. வேகமான நீர் எதுவும் தெரியாமல் ஓடிவந்து மெதுவான நீரில் முட்டும். முட்டும் இடத்தில் தாவல்.

இனி அதே சாண் ஆழத்தை ஒரு பாறைச் சரிவில் வைத்துப் பார்ப்போம். கும்பக்கரையில் வழுக்குப்பாறை என்று ஓர் இடம் உண்டு. அதுபோன்ற ஒரு சரிவு. அகலம் 3 மீட்டர். சரிவின் அடியில் நீரின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். இது பெரிய வேகமல்ல. நம் மார்பளவுக்குக் கொஞ்சம் மேலேயிருந்து விழுந்த நீருக்கே வந்துவிடும். சரிவு முடிந்து சமதளப் பாறை தொடங்குகிறது. அங்கே என்ன ஆகும்?

தாவலுக்குப் பின் நீரின் ஆழம் 20 செ.மீ.-லிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. ஆகிவிடும். வேகம் 5-லிருந்து 1.1 மீட்டராகக் குறையும். நீர் கொண்டுவந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சில மீட்டர் நீளத்திலேயே காணாமல் போகும். நொடிக்கு 3,000 லிட்டர் நீர் வந்துகொண்டிருப்பதால், அப்படிச் செலவாகும் திறன் சுமார் 20 குதிரைத்திறன்.

விவசாயிகளுக்கு இந்த எண் உடனே புரியும். ஐந்து குதிரைத்திறன் கொண்ட கிணற்று மோட்டார்கள் நான்கு. அந்த நான்கும் ஓர் அறை அளவு இடத்துக்குள், நீரைக் கலக்குவது ஒன்றையே வேலையாக வைத்து, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குள்தான் நாம் “குளிக்கலாம்” என்று இறங்குகிறோம்.

அணை கட்டுகிறவர்களுக்கு இந்தத் தாவல் நண்பன். உபரி நீர் அணையின் முகட்டிலிருந்து இறங்கும்போது அதன் வேகத்தை எங்காவது தீர்க்காவிட்டால், கீழே ஆற்றுப்படுகையைக் குடைந்து அணையின் காலையே வாரிவிடும். அதனால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு, பல்வரிசைபோல் கட்டைகள் வைத்து, தாவல் அங்கேயே நிகழும்படி செய்கிறார்கள். அணை திறக்கும் நாளில் பாலத்தில் நின்று நாம் பார்க்கிற அந்த வெள்ளைக் கொந்தளிப்பு, வேண்டுமென்றே வடிவமைத்த செலவு.

ஒரே இடத்தில் சுற்றும் பாட்டில்

தடுப்பணைக்குக் கீழே ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அருவி நீர் அதை அமுக்குகிறது, ஒரு கெஜ தூரம் தள்ளி மேலே வருகிறது, மறுபடி அருவியை நோக்கியே போகிறது, மறுபடி அமுக்கப்படுகிறது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அங்கேதான் இருக்கும். ஆறு ஓடுகிறது, பாட்டில் ஓடவில்லை.

விழும் நீர் வேகத்தோடு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. கீழ்நோக்கிய ஓட்டமெல்லாம் தரையை ஒட்டி நடக்கிறது. மேலே காலியாகும் இடத்தை நிரப்ப, கீழ்ப்பக்கத்து மேற்பரப்பு நீர் பின்னோக்கி ஓடி வருகிறது. இதைப் பின்னிழுப்பு என்போம். மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஆறு கீழே போவதாகத்தான் தோன்றும். நுரையைக் கூர்ந்து கவனித்தால்தான் அது அருவியை நோக்கி வருவது தெரியும்.

இப்போது அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். தலை மேலே வந்ததும் கீழ்ப்பக்கமாக நீந்துகிறார்; அதுதான் இயல்பு. மேற்பரப்பு நீர் அவருக்கு எதிரே வருகிறது. நன்றாக நீந்துகிறவர் நொடிக்கு ஒரு மீட்டர் போவார். உலகத்தின் மிக வேகமான நீச்சல் வீரர்களே 100 மீட்டர் போட்டியில் நொடிக்கு இரண்டு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறார்கள். பின்னிழுப்பு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால், அவர் முழு மூச்சோடு நீந்தி நின்ற இடத்திலேயே நிற்பார். களைத்ததும் அருவிக்கு அடியில் போய்விடுவார்.

நுரை இன்னொரு துரோகமும் செய்கிறது. மனித உடல் தண்ணீரைவிட மிகச் சிறிதளவே லேசானது, அதனால்தான் மிதக்கிறோம். 70 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய 70 லிட்டர் நீரை விலக்குகிறார். நுரைத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு காற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவரைத் தாங்க 47 கிலோ அளவு விசைதான் கிடைக்கும். 23 கிலோ குறைகிறது. சாதாரண மிதவை உடுப்பு ஏழெட்டுக் கிலோவைத்தான் ஈடு செய்யும். கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது, ஏனென்றால் கை தள்ளுவதில் மூன்றில் ஒரு பங்கு காற்று. கிணற்றில் கற்ற நீச்சல் நுரையில் உதவாததற்கு இதுதான் காரணம். அவருடைய திறமையில் குறை இல்லை. அவர் கற்றுக்கொண்ட நீர் வேறு, இந்த நீர் வேறு.

இயற்கையான அருவியில் பாறைகள் கோணல்மாணலாக இருக்கும். எங்கோ ஓர் ஓரத்தில் நீர் உடைத்துக்கொண்டு வெளியே போகும். பாட்டிலும் ஒருநாள் அந்த வழியில் தப்பிக்கும். தடுப்பணையோ மட்டம் பார்த்துக் கட்டியது. கரையிலிருந்து கரைவரை ஒரே நேர்க்கோடு, இரு பக்கமும் சுவர். தாவல் ஓரிடத்திலும் விடுபடாது. இரண்டடி உயரத் தடுப்பணையில் வெள்ளம் வழியும்போது, பத்தடி அருவியைத் துணிந்து தாண்டும் படகோட்டிகள்கூட கரையேறி, படகைத் தோளில் சுமந்துகொண்டு சுற்றிப் போவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருப்பதுதான் அதன் பயங்கரம்.

காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இறங்கக்கூடாது. கயிறு, நீளமான கம்பு, முடிச்சுப் போட்ட வேட்டி, சேலை எதையாவது கரையிலிருந்து வீச வேண்டும். நான் இந்த அத்தியாயத்தில் எழுதுவதில் ஒரு வாக்கியம் மட்டும் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

ஆற்றைப் படிக்கிறவர்கள்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைக் கவனித்தால், அவர் துடுப்பைப் பார்ப்பதே இல்லை. கண் எப்போதும் இருபது முப்பதடி முன்னால். நீரின் தோலில் எழும் சுருக்கத்திலிருந்து அடியில் இருக்கும் பாறையை அவர் கண்டுகொள்கிறார். வட்டமான மூங்கில் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் இல்லை. அதனால் எந்தத் திசையிலும் ஒரே தள்ளலில் திரும்ப முடியும். நாமறிந்த வெண்புனல் படிப்பாளி அவர்தான்.

கயாக் என்னும் ஒற்றை ஆள் படகில் மலையாறுகளில் இறங்குகிறவர்கள் அதே படிப்பைத் தொழில்நுட்பமாக்கியிருக்கிறார்கள். கடினமான இடம் வருமுன் இறங்கி, கரையோடு நடந்து, முழுவதையும் பார்க்கிறார்கள். வழவழப்பான நீர் அம்புமுனைபோல் ஓட்டத்தின் திசையில் குவிந்தால் அது வழி. முனை மேல்நோக்கி இருந்தால் அங்கே பாறை. பெரிய பாறையின் பின்புறம் நீர் ஓட்டத்துக்கு எதிராக மெல்லச் சுற்றும். அந்த எதிர்ச்சுழியில் படகைச் செருகிவிட்டால் வெள்ளத்தின் நடுவிலும் மூச்சு வாங்கலாம், அடுத்த பகுதியைப் பார்க்கலாம். தேர்ந்தவர்கள் ஆற்றின் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் ஓடுவதில்லை. எதிர்ச்சுழியிலிருந்து எதிர்ச்சுழிக்கு, திண்ணையிலிருந்து திண்ணைக்குத் தாவுகிறவர்போல் இறங்குகிறார்கள்.

நீர்த்தாவலைப் பார்க்கும்போது அவர்கள் கேட்பது உயரத்தை அல்ல, வடிவத்தை. நுரை வரப்பின் இரு ஓரங்களும் ஆறு போகும் திசையில் வளைந்திருந்தால், மாட்டிக்கொண்டாலும் ஓரமாக நகர்ந்து வெளியேறலாம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து பார்க்கையில் அது சிரிக்கிற வாய்போல் தெரியும். அப்படித்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து முகம் சுளித்தால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நடுவுக்கே இழுத்துவரும். அதைத் தொடமாட்டார்கள்.

உலகெங்கும் ஆறுகளை ஒன்றிலிருந்து ஆறுவரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று தெளிந்த ஓட்டம். நான்கும் ஐந்தும் பல ஆண்டு பழக்கம் உள்ளவர்களுக்கு. ஆறு என்பது உயிரைப் பணயம் வைப்பது. ஆனால் தரம் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் அல்ல. காலையில் மூன்றாக இருந்தது, மேலே மழை பெய்தால் மாலையில் ஐந்தாகிவிடும்.

வெள்ளி அருவியின் உயரம் 55 மீட்டர் என்று தொடக்கத்தில் சொன்னேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பலூஸ் அருவி அதைவிடக் கொஞ்சம் உயரம், சுமார் 57 மீட்டர். 2009-ல் டைலர் பிராட் என்ற படகோட்டி அதன் உச்சியிலிருந்து கயாக்கில் இறங்கினார். அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 120 கி.மீ. துடுப்பு முறிந்தது, அவர் மேலே வந்தார். அங்கே அருவிக்கு அடியில் ஆழமான பெரிய குளம் இருக்கிறது. நிறைய நீர் விழுவதால் நுரையும் ஆழமாக இறங்கியிருக்கிறது. மனிதனைத் தாங்க மறுக்கும் அதே நுரை, நெட்டுக்குத்தாக நுழையும் படகுக்கு மெத்தையாகி, நிறுத்தும் நேரத்தை நீட்டித்தது. வெள்ளி அருவியின் அடியில் இருப்பது பாறை. இரண்டு மீட்டர் உயர வித்தியாசத்தில் ஒன்றுமில்லை; வித்தியாசமெல்லாம் அடியில்.

பழனி மலையில் ஏன் படகு இறங்குவதில்லை

மேற்குத் தொடர்ச்சி மலையில் வெண்புனல் படகுக்குப் பெயர்பெற்ற இடங்கள் உண்டு. கோழிக்கோடு மாவட்டத்தில், துஷாரகிரி அருகே சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும், 2013-ல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவுக்குப் பல நாட்டுக் கயாக் வீரர்கள் மழைக்காலத்தில் வருகிறார்கள். கோடைக்கானல் இருக்கும் பழனி மலையில் அப்படி எதுவும் இல்லை. மஞ்சளாறு, பாம்பாறு, வராகநதி, பழனிப் பக்கம் இறங்கும் வரதமாநதி, குதிரையாறு என்று ஆறுகளுக்குக் குறைவில்லை. பின் ஏன்?

முதல் காரணம் மழை. கோழிக்கோட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கு மேல் பெய்கிறது, அதுவும் தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்காக, விடாமல். கோடைக்கானலுக்கு அதில் ஏறக்குறைய பாதி, இரண்டு பருவங்களுக்கும் பிரிந்து, வடகிழக்கில் கனத்து வருகிறது. பழனி மலை ஆறுகள் பெரும்பாலான நாள்களில் படகு மிதக்கப் போதாத அளவுக்கு மெலிந்திருக்கும். மழை பெய்த சில மணி நேரம் மட்டும் மிதக்கும். அப்போது அது வெள்ளம்.

இரண்டாவது சரிவு. தேர்ந்தவர்களுக்கான ஆறுகள் பல ஒரு கி.மீ.-க்கு 20, 30 மீட்டர் இறங்கும். அதைவிட மிகச் செங்குத்தாகப் போனால் எதிர்ச்சுழிகளுக்கு இடம் குறையும், ஒரு தாவல் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். பாம்பாற்றின் வளைவுகளையெல்லாம் சேர்த்து 15 கி.மீ. என்று தாராளமாக வைத்தாலும், அது கி.மீ.-க்கு 100 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. உயரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க அதற்கு இடமே இல்லை.

மூன்றாவது காரணம் பாறை. இந்த மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட். சென்னைப் பல்லாவரத்திலும் கிடைக்கும் இந்தக் கல்லுக்கு, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்த கல்லை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பெயரிட்டார். இறுகிய பாறை, எளிதில் அரிக்காது. விரிசல் உள்ள இடத்தில் மட்டும் உடையும். அதனால் ஆறு சீரான சரிவாக இல்லாமல் படிப்படியாக இறங்குகிறது. படிகளுக்கு அடியில் கூழாங்கற்கள் சுழன்று சுழன்று, ஆட்டுக்கல் குழிபோல் பாறையைக் குடைகின்றன. கும்பக்கரையில் அருவிக்கு மேலே இப்படிக் குடைந்த பள்ளங்களை ஊர்க்காரர்கள் கெஜம் என்கிறார்கள். யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பெயர்கள். மேலே அமைதியான பச்சை நீர், உள்ளே வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை. சுவர் வழுக்கும். ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் பள்ளத்துக்குள் நீர் சுழலத் தொடங்கும். கல்லையே குடைந்த சுழல் அது.

வானம் தெளிவாக இருக்கும்போது

கும்பக்கரையில் வெயில் அடிக்கிறது. குடும்பங்கள் குளிக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் மலைமுகட்டில் மட்டும் ஒரு கருமேகம் அமர்ந்திருக்கிறது. அங்கே பெய்யும் மழை 15 கி.மீ. தூரத்தை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் கடந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடும். நடுவழியில் உள்ள காட்டில் பெய்திருந்தால் முக்கால் மணி போதும். சோலைக் காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி மெல்ல விடுகின்றன. மண் வெளிப்பட்ட சரிவும் கான்கிரீட்டும் அப்படி விடுவதில்லை. மலையில் சோலை குறையக் குறைய இந்த நேரமும் சுருங்கும்.

வரும் வெள்ளத்தின் பலம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தொடையளவு நீரில் நிற்கும் ஒருவரை நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் சுமார் 10 கிலோ விசையில் தள்ளும் என்றால், இரண்டு மீட்டர் ஓட்டம் 40 கிலோ, மூன்று மீட்டர் ஓட்டம் 90 கிலோ விசையில் தள்ளும். வழுக்குப்பாறையில் 40 கிலோவையே யாராலும் தாங்கி நிற்க முடியாது. அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் நீர் முதுகில் ஏறி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாறை வந்தால் பாதத்தால் உதைத்துக்கொண்டே கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். படகோட்டிகளுக்கு முதல் நாள் பாடம் இது.

நீர்வரத்து கூடும் நாள்களில் கும்பக்கரையில் குளிக்க வனத்துறை தடை விதிப்பது வழக்கம். ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்கள் வாசலில் நின்று, “தண்ணி கொஞ்சமாத்தானே வருது” என்று காவலரிடம் வாதாடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்ப்பது இப்போது வந்திருக்கும் நீரை. காவலர் நினைப்பது மேலேயிருந்து கிளம்பிவிட்ட நீரை.

காட்டாறு வருமுன் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. தெளிந்த நீர் லேசாகச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சலின் குரல் தடிக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரைமேட்டுக்கு ஏறுங்கள். எதிர்ப்பக்கப் பாறையில் காய்ந்துகொண்டிருக்கும் துணியையும் செல்பேசியையும் எடுக்க ஆற்றைக் கடக்காதீர்கள்.